பாவாயியின் வலது கை

மல்லசமுத்திரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவே கிடக்கிற எங்கள் ஊர்களில் மழை பெய்த மறுநாள் எல்லோரும் தேடுகிற ஆள் பாவாயி. ஈரம் காய்வதற்குள் காட்டை உழுதாக வேண்டும். டிராக்டர்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வருகிற டிராக்டர் பாவாயியுடையது மட்டும்தான் என்று பேர்.

அவள் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல. கணவன் தனபால் ரிக்கு வண்டியில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற வேலையில் இருக்கிறான். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று வருடத்தில் பெரும்பகுதி வெளியில்தான். வீட்டுக்கு ஒரு பிடிமானம் இருக்கட்டும் என்று டிராக்டரை வாங்கிப்போட்டுவிட்டு, ஓட்டுவதற்கு ஓர் ஆளையும் வைத்துவிட்டுப் போனான். கடலை விதைப்பு நேரத்தில் அந்த ஆள் சொல்லாமல் நின்றுவிட்டான். ஈரம் போய்க்கொண்டிருந்தது. பாவாயி சேலையை இழுத்துச் செருகி, மேலே தனபாலின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். முதல் நாள் போட்ட உழவுச் சால் பாம்பு போல நெளிந்தது. அடுத்த வருடம் அவள் ஓட்டிய காட்டைப் பார்த்து, யார் உழுதது என்று விசாரித்தார்கள். மகள் இனியா சேலத்தில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, பாவாயிக்குப் பொழுது முழுக்க டிராக்டர் சீட்டில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு புரட்டாசி. ஆடி, ஆவணி இரண்டும் காய்ந்துபோய், ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது மழை. அடுத்த நாள் காலையிலிருந்து பாவாயி இறங்கவே இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பழனியம்மாளின் காட்டை முக்கால்வாசி உழுதிருந்தபோது என்ஜின் சூடேறி, சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விட்டது. ரேடியேட்டரின் முன்வலையில் சருகும் தூசியும் அடைத்திருந்தன. என்ஜினை நிறுத்திவிட்டு ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அடுத்த காட்டுக்காரர் வரப்பில் வந்து நின்றிருந்தார். மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. அவள் ஒரு சாக்கை மடித்து ரேடியேட்டர் மூடியின்மேல் வைத்து, வலது கையால் திருகினாள்.

சாக்கோடு சேர்த்து மூடி பறந்தது. கொதிநீர் பீய்ச்சி அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் முகம் தப்பியது. வலது புறங்கையிலிருந்து முழங்கை மடிப்புக்கு மேல்வரை முழுதாக வெந்துபோனது. சட்டைத் துணி சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டதால், மடிப்பில்தான் அதிகம்.

அவள் அலறவில்லை என்று பழனியம்மாள் இன்றும் சொல்வாள். நேராக மோட்டார்த் தொட்டிக்கு ஓடி, சட்டைக் கையைக் கிழித்து உருவி, குழாய்க்கு அடியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பழனியம்மாள் பற்பசையோடு ஓடிவந்தாள். வரப்பில் நின்றிருந்தவர் பேனா மை ஊற்றினால் கொப்புளிக்காது என்றார். பாவாயி இருவரையும் தலையசைத்துத் தடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே கையை வைத்திருந்தாள். அப்படிச் செய்ய யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பின்னால் நான் கேட்டேன். எரிந்தது, பக்கத்தில் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான் என்றாள். அந்தத் தண்ணீர்தான் கையில் பாதியைக் காப்பாற்றியது என்பதை மருத்துவர் சொல்லித்தான் அவளே தெரிந்துகொண்டாள்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தீக்காயப் பிரிவில் அவளைப் பார்த்தவர் தீனதயாளன் என்ற அறுவை மருத்துவர். தலை நரைத்தவர், நிதானமாகப் பேசுகிறவர். கை முருங்கைக்கட்டை போல வீங்கியிருந்தது. வீக்கத்தைப் பார்த்துத்தான் பாவாயி அதிகம் பயந்தாள். அது கெடுதல் இல்லை என்று அவர் விளக்கினார். காயம் பட்ட இடத்துக்கு உடம்பு ஆட்களை அனுப்புகிறது. இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் இறங்கி வந்து, செத்த சதையையும் கிருமியையும் தின்று இடத்தைச் சுத்தம் செய்கின்றன. அந்த வேலை நடக்கிற சூடும் வீக்கமும்தான் இது என்றார்.

புறங்கை நெருப்பாக எரிந்தது. முழங்கை மடிப்பிலோ வலியே இல்லை. அந்த இடம் வெளுத்து, பதனிட்ட தோல் போல இருந்தது. வலிக்காத இடம் பிழைத்துக்கொண்டது என்று பாவாயி நினைத்தாள். மருத்துவர் அதை மாற்றிச் சொன்னார். வலி தெரிகிற இடத்தில் நரம்பு உயிரோடு இருக்கிறது. முடியின் வேரும் வேர்வைச் சுரப்பியும் அடியில் மிச்சம் இருக்கின்றன. அந்த ஒவ்வொரு வேரிலிருந்தும் புதுத்தோல் சின்னச் சின்னத் திட்டாகக் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொள்ளும். மடிப்பில் அந்த வேர்களெல்லாம் வெந்துபோய்விட்டன. அங்கே ஓரத்திலிருந்துதான் தோல் ஊர்ந்து வர வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். நாள் பிடித்தால் தடித்த வடு வரும்.

அவர் சொன்னபடியே ஆனது. புறங்கை ஐப்பசிக்குள் மூடிக்கொண்டது. மடிப்பில் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினார்கள். நடுவில் பிடித்துக்கொண்டது, ஓரங்களில் பிடிக்கவில்லை. கட்டுப் பிரித்தபோது அந்த ஓரங்களில் சிவந்த சதை மணிமணியாகப் பொங்கியிருந்தது. பஞ்சு பட்டாலே இரத்தம் கசிந்தது. சதை அழுகிவிட்டதென்று பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தீனதயாளனோ அதைப் பார்த்து முகம் மலர்ந்தார். புதிதாக முளைத்த இரத்தக் குழாய்கள் நுனிநுனியாக மேலே வந்து நிற்பதால்தான் அந்த மணி, அந்தச் சிவப்பு. இந்தத் தளம் அமைந்தால்தான் மேலே தோல் ஊர்ந்து வரும். இத்தனை நாளில் தான் பார்த்ததில் நல்ல செய்தி இதுதான் என்றார்.

ஆஸ்பத்திரியில் இயன்முறை சிகிச்சை பார்த்த பெண் கிருத்திகா. சேலம் அம்மாபேட்டைக்காரி, முப்பது வயதுக்கு உட்பட்டவள். முழங்கையை நீட்டியபடியே வைத்திருக்க ஒரு தாங்குபலகையைக் கையின் அடியில் வைத்துக் கட்டிவிட்டாள். எதற்காக என்பதையும் அப்போதே சொன்னாள். காயத்துக்கு எப்படியாவது வாயை மூட வேண்டும் என்பதுதான் குறி. புதுத்தோல் செய்வதைவிட, இரண்டு ஓரத்தையும் பக்கத்தில் இழுத்துவிடுவது சுலபம். சின்னத் தசை போல இழுக்கிற அணுக்கள் காயத்துக்குள் முளைத்து அந்த வேலையைச் செய்யும். முதுகிலோ வயிற்றிலோ என்றால் பெரிய நட்டமில்லை. மூட்டின் குறுக்கே இழுத்தால் மூட்டு மடங்கிவிடும். வீட்டுக்குப் போனாலும் பலகையைக் கழற்றக்கூடாது, வாரம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று அனுப்பிவைத்தாள்.

கார்த்திகை முடிவில் காயம் எல்லாப் பக்கமும் மூடிக்கொண்டது. விபத்து நடந்தவுடன் ஓடிவந்து பக்கத்திலேயே இருந்த தனபால், இனிக் கவலையில்லை என்று ரிக்குக்குத் திரும்பினான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், வெந்த கைக்கு ஓய்வு கொடு, நீட்டி மடக்கி வதைக்காதே என்றார்கள். பலகை கட்டியிருந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட முடியவில்லை. சோறு பிசைய முடியவில்லை. பகலில் மட்டும் கழற்றினாள். பிறகு இரவிலும் கழற்றினாள். கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டால் சுகமாக இருந்தது. சேலத்துக்குப் போவதும் நின்றுபோனது. புண்தான் ஆறிவிட்டதே.

மார்கழியில் மடிப்பு அரிக்கத் தொடங்கியது. வடு சிவந்து, தடித்து, மெழுகு பூசியது போல மினுங்கியது. தை பிறந்தபோது அவளால் கையை முழுதாக நீட்ட முடியவில்லை. குளிர்காலத்து இறுக்கம், வெயில் வந்தால் சரியாகும் என்று நினைத்துக்கொண்டாள்.

பொங்கல் முடிந்து சொந்தக் காட்டைக் கோடை உழவு ஓட்ட டிராக்டரை எடுத்தாள். ஸ்டீயரிங் பிடிக்க முடிந்தது. ஆனால் கலப்பையைத் தூக்கி இறக்குகிற லிவர் சீட்டுக்கு வலப்பக்கம், கீழே தள்ளி இருக்கிறது. கையைத் தொங்கவிட்டால்தான் எட்டும். அவள் கை பாதியிலேயே நின்றது. உடம்பு முழுவதையும் சாய்த்து எட்ட முயன்றாள். அதற்குள் வண்டி காட்டின் கோடிக்குப் போய்விட்டது. தூக்காத கலப்பை வரப்பைக் கிழித்து, பழனியம்மாளின் கிழங்குக் காட்டுச் சொட்டுநீர்க் குழாயை வாரி இழுத்துக்கொண்டு நின்றது.

பழனியம்மாள் ஓடிவந்தாள். அறுந்த குழாயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது பாவாயிக்கு. மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் போனாள்.

கிருத்திகா கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அளவுகோல் போன்ற ஒன்றை முழங்கையில் வைத்துக் கோணம் பார்த்தாள். கை ஏறக்குறைய செங்கோணத்தில் நின்றிருந்தது.

"புண்ணு ஆறிப்போச்சுன்னுதானுங்க கழட்டினேன்" என்றாள் பாவாயி.

"மூடிடுச்சுக்கா. ஆறலை" என்றாள் கிருத்திகா.

பிறகு வடுவின்மேல் விரலை வைத்து அழுத்திக் காட்டினாள். அழுத்திய இடம் வெளுத்து, விட்டதும் சிவந்தது. உள்ளே இரத்தக் குழாய்கள் இன்னும் நிறைய இருக்கின்றன, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மேலே தோல் மூடிய பிறகுதான் உள்ளே பெரிய வேலையே ஆரம்பிக்கிறது. கொலாஜன் என்ற நாரை உடம்பு அவசர அவசரமாகப் போட்டு நிரப்புகிறது. நல்ல தோலில் அந்த நார் கூடை முடைந்தது போலக் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். வடுவில் கட்டுக்கட்டாக ஒரே பக்கம் கிடக்கும். ஆனால் போட்டது போட்டபடியே நிற்பதில்லை. ஒரு வருடம், ஒன்றரை வருடம்வரை உடம்பு பழைய நாரைக் கரைத்துப் புது நாரைப் போட்டுக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் இழுவை இருக்கிறதோ அதற்கேற்ப நார் அமையும். அந்த வேலை முடிவதற்குள் கையை நீட்டிப் பழக்கினால் வடுவும் நீளும். முடிந்துபோனால் பிறகு கத்திதான்.

பாவாயி கேட்டது ஒரே கேள்வி. இன்னும் நாள் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றாள் கிருத்திகா.

பிளாஸ்டிக்கில் ஆன புதுத் தாங்குபலகையை வெந்நீரில் இளக்கித்தான் கையின் வடிவத்துக்கு வளைக்க வேண்டும். தட்டில் ஆவி பறக்கிற வெந்நீரைக் கொண்டுவந்து வைத்ததும் பாவாயி நாற்காலியோடு பின்னால் போய்விட்டாள். விபத்துக்குப் பிறகு வீட்டில் சோறு வடிப்பதைக்கூடப் பழனியம்மாளிடம் விட்டிருந்தாள் என்பது அப்போதுதான் கிருத்திகாவுக்குத் தெரிந்தது. தட்டை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டாள். பாவாயி வேண்டாம் என்றாள். ஆவி அடங்கும்வரை அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கையை நீட்டினாள்.

அன்றிலிருந்து அவளுடைய நாள் மாறியது. காலையில் தேங்காயெண்ணெய் தொட்டு, வடுவைக் கட்டைவிரலால் வட்டவட்டமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் சாய்ந்து கையை நீட்ட வேண்டும். பகலில் இறுக்கமான அழுத்த உறை, படுக்கும்போது பலகை. உறையின் அழுத்தம் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, வடு தடிப்பதை அடக்கும் என்று கிருத்திகா சொல்லியிருந்தாள். ஆறின புண்ணை எதற்கு நோண்டுகிறாய் என்று பழனியம்மாள் கேட்டாள். ஆறவில்லை, மூடித்தான் இருக்கிறது என்று கிருத்திகா சொன்னதையே பாவாயி அவளிடம் திருப்பிச் சொன்னாள்.

பாவாயிக்கு எந்த வேலையையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிற சுபாவம். வடுவோடும் அப்படியே மல்லுக்கு நின்றாள். மாசி மாதம், கோணம் போதுமான வேகத்தில் விரியவில்லை என்று தோன்றியது. கட்டில் ஓரத்தில் படுத்துக் கையை வெளியே தொங்கவிட்டு, டீசல் கேனில் தண்ணீர் நிரப்பி விரல்களில் மாட்டிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மடிப்பில் ஏதோ சூடாக ஓடியது. எழுந்து பார்த்தால் வடு குறுக்கே வெடித்து இரத்தம்.

சேலத்துக்கு ஓடினாள். கட்டுப் போட்டுவிட்டுக் கிருத்திகா சொன்னாள்.

"நீங்க இழுக்கறது கயிறு இல்லக்கா. உயிருள்ள தோல். கிழிச்சீங்கன்னா அது மறுபடி புண்ணு. புண்ணுன்னா மறுபடி வீக்கம், மறுபடி சுருக்கம். முதல்ல இருந்து வரணும்."

விபத்து நடந்த நாளில் அழாத பாவாயிக்கு அன்றுதான் கண்ணீர் வந்தது.

"சும்மா இருந்தும் கெட்டுப்போச்சு. பாடுபட்டும் கெட்டுப்போகுது. நான் என்னதான் பண்ணட்டும் சாமி?"

கொஞ்சமாக இழுங்கள், ஆனால் விடாமல் இழுங்கள் என்றாள் கிருத்திகா. வலி தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, அங்கேயே நெடுநேரம் வைத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கிற அணுக்களுக்கு அதிரடி தெரியாது. நாள் முழுக்க ஒரே திசையில் இருக்கிற மெல்லிய இழுவைதான் தெரியும். பலகை செய்வது அதைத்தான்.

பாவாயிக்குக் கஷ்டமாக இருந்தது வலி அல்ல, இந்த அளவுதான். ஓங்கிச் செய்யப் பழகிய கையை அடக்கிவைப்பது. கீறல் மூடும்வரை பொறுத்திருந்து, மறுபடி தொடங்கினாள். இந்தமுறை டீசல் கேன் இல்லை. ஒரு சொம்பில் பாதித் தண்ணீர். அதைத் தொங்கவிட்டபடி கயிற்றுக்கட்டிலில் படுத்து, இனியா விடுதியிலிருந்து போனில் சொல்கிற கல்லூரிக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

சித்திரை வெயிலில் உறைக்குள் கை வெந்தது. வடுவில் வேர்வை வராது. சுற்றியிருக்கிற தோலில் வேர்த்து, உறை நனைந்து அரித்தது. கிழித்து எறிந்துவிடலாம் போல இருக்கும். இரண்டு உறைகளை மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டாள். வடுவில் வெயில் பட்டால் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதால் அதன்மேல் முழுக்கைச் சட்டை வேறு. அந்த மாதம்தான் தனபால் ஊர்க் கோவில் நோன்புத் திருவிழாவுக்கு வந்தான். வந்த இரண்டாம் நாள் அவளை உட்காரவைத்துப் பேசினான்.

"எதுக்கு புள்ள இத்தனை பாடு? ஒரு டிரைவரப் போட்டுக்கலாம். நீ ஊட்டுல இருந்து மாட்டப் பாத்துக்க."

பாவாயி யோசித்துத்தான் பதில் சொன்னாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டறதுக்கும் கை நீளோணுமுங்க. தலை பின்னறதுக்கும் நீளோணும். எங்க உக்காந்தாலும் இதே கைதானுங்க. டிராக்டர விட்டுட்டா கை எனக்குத் திரும்ப வந்திருங்களா?"

"நான் உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியுமுங்க. என்ற நல்லதுக்குன்னா, இருக்கற வரைக்கும் தினமும் இந்த எண்ணையத் தேச்சு உடுங்க. இடது கையில தேய்க்கச் சரியா வரமாட்டீங்குது."

தனபால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். இரும்புக் குழாய்களைத் திருகிப் பழகிய கை; முதல் நாள் அவன் தேய்த்ததில் அவளுக்கு உயிர் போனது. மெதுவாக, இன்னும் மெதுவாக என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். வடு அடியிலிருக்கிற சதையோடு ஒட்டிக்கொள்ளாமல் தனியாக நகர வேண்டும், அதற்குத்தான் இந்தத் தேய்ப்பு என்று விளக்கினாள். இரண்டு வாரத்தில் அவனுக்கு அளவு பிடிபட்டது. ரிக்குக்குத் திரும்புவதற்கு முதல் நாள், போன வாரத்தைவிட இந்த இடம் இளகியிருக்கிறது என்று அவனாகவே சொன்னான். டிரைவர் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

ஆனிக்குள் முழங்கை நன்றாகவே விரிந்துவிட்டது. ஆனால் மடிப்பின் உள்ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் இறங்கவில்லை. கையை நீட்டும்போது அது வில்லின் நாண் போல எழும்பி நின்றது. அந்தக் கடைசிப் பகுதி நீளவே இல்லை. தோல் ஒட்டியதில் பிடிக்காமல் போன ஓரம் அது. ஆடி விதைப்பு வருவதற்குள் அதை வெட்டிவிடும்படி பாவாயி தீனதயாளனிடம் கேட்டாள். அவர் மறுத்தார். வடு இன்னும் சிவப்பாக இருக்கிறது, உள்ளே கொதிப்பு அடங்கவில்லை. இப்போது கத்தி வைத்தால் அந்த வெட்டும் சேர்ந்து தடிக்கும். வெளுத்து மெத்தென்று ஆகும்வரை பொறுக்க வேண்டும், தை மாதம் பார்க்கலாம் என்றார்.

இன்னொரு ஆறு மாதம். பஸ்ஸில் வரும்போதே பாவாயி வேறு வழி யோசித்துவிட்டாள். மல்லசமுத்திரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற நாச்சிமுத்துவிடம் டிராக்டரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். லிவர் தன் கைக்கு வரட்டும் என்றாள். நாச்சிமுத்து அவளை சீட்டில் உட்காரவைத்து, கை எதுவரை போகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டார். ஒரு குழாயை முன்பக்கமாக வளைத்து, லிவரின்மேல் செருகி, அசையாமல் போல்ட் போட்டுக் கொடுத்தார். தூக்கி இறக்கிப் பார்த்தார்கள். இரண்டாம் தடவை கொஞ்சம் வளைவை மாற்றியதும் சரியாக வந்தது.

அந்த ஆடியில் முதலில் தன் காட்டைத்தான் ஓட்டினாள். கோடியில் கலப்பை சரியான நேரத்துக்கு எழும்பியது. அடுத்து பழனியம்மாளின் காட்டை உழுது கொடுத்தாள். பழனியம்மாள் சொட்டுநீர்க் குழாய்களை எல்லாம் சுருட்டி ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அவளைக் காட்டில் வண்டியை இறக்கச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். பிறகு வெண்ணந்தூர்ப் பக்கத்திலிருந்தும் கூப்பிட்டார்கள். உறை போட்ட கையோடு போனாள். வடு வெயில் தாங்காது, மதியத்துக்குமேல் ஓட்டுவதில்லை என்று மட்டும் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

தை மாதம் வடு வெளுத்திருந்தது. விரலால் அழுத்தினால் நிறம் மாறவில்லை, அரிப்பும் நின்றிருந்தது. தீனதயாளன் பேனாவால் அவள் கையிலேயே வரைந்து காட்டினார். நாண் போல நிற்கிற பட்டையை நேராக வெட்டினால் மறுபடி நேராகவே சுருங்கும். அதனால் கோணல்மாணலாக வெட்டி, இரண்டு பக்கத்து முக்கோணத் துண்டுகளை இடம் மாற்றித் தைப்பார்கள். அகலத்தில் இருக்கிற தோல் நீளத்துக்கு வந்து சேரும். இழுவை ஓடுகிற திசையும் உடையும்.

"இந்த வெட்டும் வடுவாகுமுங்களே?" என்று கேட்டாள் பாவாயி.

"ஆகும். வடு இல்லாம ஆறறது உடம்புக்குத் தெரியாதும்மா. அந்த வடு எங்க விழணும், எப்படி விழணும்னு மட்டும்தான் நம்ம கையில இருக்கு."

அறுவை நல்லபடியாக முடிந்தது. இந்தமுறை அவள் பலகையைக் கழற்றவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மறுபடியும் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். பாவாயி அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கும்படி பழனியம்மாளிடம் சொல்லிவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு கட்டிலில் போய்ப் படுத்தாள்.

இப்போது அந்தக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவளே நீட்டிக் காட்டுவாள். முழுதாக நேராகவில்லை. மிகக் கொஞ்சம் வளைவு இருக்கிறது, சொன்னால்தான் தெரியும். மடிப்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழுவழுப்பாக, முடியில்லாமல் வேறு நிறத்தில் கிடக்கிறது. அங்கே வேர்க்காது, அதனால் தினமும் எண்ணெய் தடவ வேண்டும். பழைய தோலின் முழுப் பலம் அதற்கு எப்போதும் வராது என்பதால் முள்ளும் கம்பியும் படாமல் பார்த்துக்கொள்கிறாள். லிவரில் போட்ட குழாயைக் கழற்றிவிடட்டுமா என்று நாச்சிமுத்து கேட்டார். இப்படித்தான் வசதியாக இருக்கிறது, இருக்கட்டும் என்றுவிட்டாள். அவர் பட்டறைக்கு வருகிற வேறு இரண்டு பேரும் அதைப் பார்த்துத் தங்கள் வண்டிக்குப் போட்டுக்கொண்டார்கள்.

ஆவணியில் தனபாலின் தங்கை மகளுக்குக் கல்யாணம். பாவாயி பட்டுச்சேலைக்குச் சாதாரணக் கை வைத்த ரவிக்கைதான் தைத்துப் போட்டிருந்தாள். பந்தியில் எதிரே உட்கார்ந்த ஓர் அம்மாள் அவள் கையையே பார்த்துவிட்டு, ஐயோ பாவம், ரொம்பக் கோரமாகிப்போச்சே என்றாள். பாவாயி சங்கடப்படவில்லை. வெந்நீர் பட்டது, தோல் வைத்துத் தைத்தார்கள், இப்போது நீளுகிறது என்று சொல்லிவிட்டு, தூரத்தில் இருந்த ரசப் பாத்திரத்தை எட்டி எடுத்து அந்த அம்மாளின் இலைக்கும் ஊற்றினாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். பாவாயி டிராக்டர் ஓட்டுகிறவள் என்று தெரிந்ததும் அந்த அம்மாள் தன் காட்டுக்கு எப்போது வர முடியும் என்று விசாரித்தாள்.

போன வாரம் இங்கே நல்ல மழை. காலையில் என் காட்டை உழுதுகொண்டிருந்தபோது அவளுடைய போன் விடாமல் அடித்தது. கோடியில் வண்டியை நிறுத்திவிட்டு எடுத்தாள். மறுமுனையில் இருந்தவர் இன்றே வேண்டும் என்று அடம்பிடிக்கிறார் போல.

"இன்னைக்கு ஆகாதுங்க. வெயில் ஏறுனா நான் ஓட்டறதில்லைங்க. நாளைக்கு விடியறப்ப உங்க காட்டுல நிப்பேன். ஆமாங்க, பாவாயிதான் பேசறேன். வாரேனுங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கலப்பையை இறக்கினாள்.